வெள்ளி – வரவு மட்டும்

மட்டாஞ்சேரி
14-6-78

சிரஞ்சீவி ராமபத்ரனுக்கு அக்கா கமலாக்ஷியின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம். மழை இறங்கினால் முழங்கால் மட்டும் முனகுகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது?

எட்டு வயதில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, நோட்டில் தேதி மட்டும் எழுதறோமே, அன்னிக்கு என்ன கிழமைன்னு அந்தத் தேதிக்குத் தெரியுமா?" அப்போது நான் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். பதில் தெரியாமல் இரண்டு நாள் காலண்டரோடு உட்கார்ந்தேன். நேற்று புத்தகத்துக்கு அட்டை போடப் பழைய காலண்டரைக் கிழித்தபோது நினைவு வந்தது. நாலாம் மாதம் நாலு, ஆறாம் மாதம் ஆறு, எட்டில் எட்டு, பத்தில் பத்து, பன்னிரண்டில் பன்னிரண்டு. எந்த வருஷமானாலும் இந்த ஐந்து தேதிக்கும் ஒரே கிழமைதான். இந்த வருஷம் செவ்வாய். ஒரு வருஷம் பின்னால் போனால் ஒரு கிழமை பின்னால் போக வேண்டும். லீப் வருஷத்திலிருந்து பின்னால் போனால் இரண்டு கிழமை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் கற்றுக்கொண்டவன் நீ.

அது கிடக்கட்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கொச்சங்காடிக் கடையில் கணக்கு எழுதிய உன்னை, சங்கரலிங்கம் முதலாளி எதற்காகத் திடீரென்று பொள்ளாச்சிக்கு அனுப்ப வேண்டும்? கடன் கொடுக்கிற கடைகளுக்குச் சர்க்கார் நோட்டீஸ் வந்திருக்கிறது என்று தெருவில் பேச்சு. விவரம் எழுது. சாப்பாடு யார் போடுகிறார்கள்?

கமலாக்ஷி


பொள்ளாச்சி
22-6-78

அக்காவுக்கு அனேக நமஸ்காரம். இருமல் தேவலை. சாப்பாடு ஹோட்டலிலிருந்து வருகிறது. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். நீ இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாய்.

தங்கியிருப்பது முதலாளியின் மச்சான் வைத்திருக்கும் கொப்பரைக் கிடங்கின் மாடி. ஒரு ஜன்னல், ஒரு மேஜை. நோட்டீஸ் வந்தது உண்மை. இனி துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி நூலில் கோத்துத் தொங்கவிடக் கூடாது. பக்க எண் அச்சடித்த பைண்டு புத்தகம் வேண்டும். நாள்வழி தனி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பேரேடு தனி. வாங்கும் பணத்துக்கு ரசீது. கடன் வாங்கினவர் கேட்டால் கணக்கின் நகல். ஓணம் கழிந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பாராம். அதனால் எழுபத்தைந்திலிருந்து உள்ள சீட்டுகளையெல்லாம் பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய ஆறு புத்தகங்களில் ஏற்றுகிறேன். பழைய தேதி, புது மை.

கூட இருப்பது நாணு. கடை வசூல்காரன், உனக்குத் தெரியும். தபாலுக்கு அவன்தான் போவான். கடிதத்தை ஒட்டாமல் கொடுக்கச் சொல்கிறான். "பசைச் செலவு என்னோடது சாமி" என்கிறான். தமிழ் எழுத்துக்கூட்டி நன்றாகவே படிப்பான். நீ எழுதுவதும் அவன் கை வழியாகத்தான் வருகிறது.

உன் தேகத்தைப் பார்த்துக்கொள்.

ராமபத்ரன்


மட்டாஞ்சேரி
3-7-78

சி. ராமபத்ரனுக்கு ஆசீர்வாதம். நலம். உன் நலமே வேண்டும்.

நாணுவும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். நேற்று சந்தனமாரி வந்தாள். பின்சந்தில் இடியாப்பம் அவித்துச் சாயாக் கடைகளுக்குக் கொடுக்கிறாளே, அவள்தான். எழுபத்தைந்து ஜனவரியில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து உங்கள் கடையில் இரண்டாயிரம் வாங்கினாள். மாதா மாதம் வட்டி கட்டுகிறாள். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் அவளிடம் கிடையாது. நீ சீட்டில் எழுதிக் கடையிலேயே கோத்துவிடுவாய். இப்போது அசல் மூவாயிரத்து ஐநூறு என்கிறார்களாம். அக்டோபருக்குள் கட்டாவிட்டால் வீட்டின் மேல் கேஸ்.

"டீச்சரம்மா, ரெண்டு நோட்டுக் கட்டு இந்தக் கையில வாங்கினேன். மூணாவதா ஒரு செல்லாக் காசு வாங்கியிருந்தா இந்தக் கை அவிஞ்சு போகட்டும். உங்க தம்பிதான எண்ணிக் குடுத்தாரு? அவரையே கேளுங்க" என்றாள்.

கேட்கிறேன். நீதானே எண்ணிக் கொடுத்தாய்?

உன் பெண் மீனாக்ஷி கல்யாணத்துக்கு நாம் வாங்கிய நாலாயிரத்துக்கு நம் வீட்டுப் பத்திரமும் அதே இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

கமலாக்ஷி


பொள்ளாச்சி
19-7-78

அக்காவுக்கு நமஸ்காரம். க்ஷேமம்.

இங்கே மழை இல்லை, காற்றுதான். கொப்பரை வாசனை மூக்கை விட்டுப் போவதில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கவே வேண்டாம் போலிருக்கிறது. மூன்று புத்தகம் முடிந்தது.

போன வாரம் முதலாளி வந்தார். கூட்டல் மட்டும் பார்ப்பார், தெரியுமே. பார்த்துவிட்டு, "சர்க்காரே வந்து என்கிட்ட கணக்கு எழுதப் படிக்கணும்" என்று சிரித்தார். யார் நகல் கேட்டாலும் தாராளமாகக் கொடுப்பாராம், பெருமையாகச் சொல்கிறார். என் கடன் பக்கத்தை மட்டும் என்னை எழுத விடவில்லை. தன் கணக்கைத் தானே எழுதக் கூடாதாம். பேரேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் நாணு எழுதப்போகிறான், நாள்வழியில் அவன் கை கிடையாது. என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியாது, காட்ட மாட்டான்.

நீ எழுதிய நாலுக்கு நாலு, ஆறுக்கு ஆறு கணக்கை எழுபத்தைந்துக்குப் போட்டுப் பார்த்தேன். பழசு மறக்கவில்லை. நாணு உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "சாமி, இந்த விரல் வித்தையை எனக்கும் சொல்லிக் குடுங்கோ" என்று பிடித்துக்கொண்டான். சொல்லிக்கொடுத்தேன். ராத்திரியெல்லாம் தன் கல்யாணத் தேதிக்குக் கிழமை பார்த்து, "சனி! அதான் இப்படி" என்று தலையில் அடித்துக்கொள்கிறான்.

வேறு விசேஷம் இல்லை.

ராமபத்ரன்


மட்டாஞ்சேரி
31-7-78

சி. ராமபத்ரனுக்கு,

ஆசீர்வாதம் உண்டு, கோபமும் உண்டு. உன் கடிதத்தில் கொப்பரை இருக்கிறது, நாணுவின் கல்யாணம் இருக்கிறது. சந்தனமாரி இல்லை. வகுப்பில் ஒரு பெண் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி மூன்றாவதை மட்டும் விட்டிருந்தால் அவளுக்கு அது தெரியாது என்று நினைக்க மாட்டேன். பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைப்பேன். உன்னைப் பற்றியும் அப்படியே நினைக்கப் பார்க்கிறேன். முடியாத நாளும் இருக்கிறது.

நகல் கேட்கலாம் என்று நீ எழுதியதைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை சந்தனமாரியோடு கடைக்குப் போனேன். முதலாளி எழுந்து நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னதும் இரும்புப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் பலகையைக் காட்டினார். தமிழிலும் மலையாளத்திலும் அவர் அப்பா எழுதி வைத்தது: 'வெள்ளி – வரவு மட்டும்'.

"டீச்சர், வெள்ளிக்கிழமை இந்தக் கடையிலேர்ந்து பணம் வெளியே போகாது. லட்சுமி இறங்கிப் போயிடுவா."

"நாங்க கேக்கறது பணம் இல்லை. காயிதம்."

"காயிதமும் போகாது. போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி குடை கேட்டா, குடுக்கல. நனைஞ்சுக்கிட்டுதான் போனா."

சந்தனமாரி சும்மா இருப்பாளா? "அப்ப எம் வீட்டு மேல கேஸையும் வெள்ளிக்கிழமை போடுங்க முதலாளி. அதுவும் வெளியே போகாதுல்ல" என்றாள்.

சனிக்கிழமை மறுபடி போனோம். பொள்ளாச்சியிலிருந்து புத்தகம் வந்ததும் தருவதாகச் சொன்னார்.

முழங்காலுக்கு வைத்தியர் கொடுத்த குழம்பு எண்ணெய் தடவுகிறேன்.

கமலாக்ஷி


பொள்ளாச்சி
5-8-78
(கார்டு)

அக்காவுக்கு நமஸ்காரம். ஆறு புத்தகமும் முடிந்து லாரியில் போய்விட்டன. நான் வருவதற்கில்லை. இன்ஸ்பெக்டர் வந்து போகும்வரை இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். வேலை ஒன்றும் இல்லை. ஜன்னலிலிருந்து ஏழு தென்னை தெரிகிறது. நகல் கிடைத்தால் தேதிகளைப் பார். என் கையெழுத்து எப்படி இருக்கிறது என்று எழுது.

ராமபத்ரன்


மட்டாஞ்சேரி
24-8-78

சி. ராமபத்ரனுக்கு ஆசீர்வாதம்.

இதைத் தபாலில் போடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் உன் பெண் மீனாக்ஷி திரும்பும் வழியில் பொள்ளாச்சிக்கு வந்து உன்னிடம் கொடுப்பாள். படித்ததும் கிழித்துவிடு. அதனால் ஒருமுறையாவது வெளிப்படையாக எழுதுகிறேன்.

நகல் கிடைத்தது. இரண்டாயிரம், ஜனவரி, சரி. அதன் கீழே மூன்று வரி, அவள் மறுபடி கடன் வாங்கியதாக:

6-6-75, நானூறு.
8-8-75, ஐநூறு.
10-10-75, அறுநூறு.

என் தம்பியின் அச்சுப்போன்ற கையெழுத்தில் ஆயிரத்து ஐநூறு ரூபாய்ப் பொய். நகலைச் சந்தனமாரி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் அரிசி களையும்போது அந்த மூன்று தேதியும் வாய்ப்பாடு மாதிரி தானாக ஓடியது. ஆறுக்கு ஆறு, எட்டுக்கு எட்டு, பத்துக்குப் பத்து. ஈரக் கையோடு விரல் விட்டேன். இந்த வருஷம் செவ்வாய். எழுபத்தேழில் திங்கள். எழுபத்தாறில் ஞாயிறு. அது லீப் வருஷம், அதனால் இரண்டு பின்னால்: எழுபத்தைந்தில் வெள்ளி.

மூன்றும் வெள்ளி. ஒரு குடைகூட வெளியே போகாத வெள்ளி.

அரிசியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எழுத மாட்டேன் என்று சொல்ல உன்னால் முடியவில்லை. எழுதியதையாவது பொய் என்று காட்டும்படி எழுதியிருக்கிறாய். நான் உன்மேல் கோபித்தேனே, அதை மன்னித்துவிடு.

ஆனால் இனி என்ன செய்வது? இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னால் முதலில் கேட்பது, எழுதியது யார் என்றுதான். எழுதியது உன் கை. முதலாளி உன்னை முன்னால் தள்ளிவிடுவார். நம் வீட்டுப் பத்திரம் அவர் பெட்டியில். சொல்லாமல் இருந்தால் சந்தனமாரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவாள். இரண்டு பக்கமும் கதவு உள்பக்கம் திறக்கிற அறையில் ஆள் நிறைய நின்று, எந்தக் கதவையும் திறக்க முடியாத மாதிரி இருக்கிறது எனக்கு.

இதை நான் தீர்மானிக்க முடியாது. நீ சொல்லாமல் கரும்பலகையில் எழுத மாட்டேன்.

கமலாக்ஷி


மட்டாஞ்சேரி
18-9-78

சி. ராமபத்ரனுக்கு ஆசீர்வாதம். நலம்.

மீனாக்ஷி உன்னைப் பார்த்ததாகவும், நீ கடிதத்தைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றதாகவும், வாழைப்பழம் மட்டும் கொடுத்து அனுப்பியதாகவும் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு இருபத்து நாலு நாள்.

ஓணம் போயிற்று. சந்தனமாரி அடைப் பாயசம் கொண்டுவந்தாள். "வீடு போறதுக்குள்ள ஒரு தடவை எம் அடுப்புல வச்சதைச் சாப்பிடுங்க டீச்சரம்மா" என்றாள். ஒரு கரண்டி மட்டும் சாப்பிட்டேன். கொடுத்த பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வருவது 27-ஆம் தேதி. நான் கேட்ட கேள்வியை மறுபடி எழுதவில்லை.

கமலாக்ஷி


பொள்ளாச்சி
22-9-78
(கார்டு)

அக்காவுக்கு நமஸ்காரம். இருமல் அதிகம், வேறொன்றுமில்லை.

நீ கேட்ட கணக்குக்கு உன் விடை சரி. கரும்பலகையில் எழுது. பின் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் தெரியும்படி பெரிதாக எழுது.

இதுவரை எழுதியதை நாணு வாங்கி இரண்டு முறை படித்தான். "எந்தக் கணக்கு சாமி?" என்று கேட்டான். கார்டைத் திருப்பி வாங்கி இந்த வரிகளைச் சேர்க்கிறேன். போய்ப் போட்டுவிடுவான் என்றுதான் நினைக்கிறேன்.

ராமபத்ரன்


மட்டாஞ்சேரி
9-10-78

சி. ராமபத்ரனுக்கு அக்காவின் ஆசீர்வாதம். நான் நலம். உன் கார்டு வந்து சேர்ந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்படாதே.

27-ஆம் தேதி காலையிலேயே சந்தனமாரியும் நானும் கடை வாசலில் நின்றோம். இன்ஸ்பெக்டர் இளவயசு, கண்ணாடி போட்டவர். ஆறு புத்தகத்தையும் புரட்டிவிட்டு, "இத்தனை சுத்தமான கணக்கை நான் பார்த்ததே இல்லை" என்றார். முதலாளி பூரித்துப்போய் சாயா வரவழைத்தார். அப்போது நான் உள்ளே போனேன்.

"சார், இந்த அம்மா கணக்கில் ஒரு சந்தேகம். முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாமா?"

"கேளுங்க டீச்சர்."

"முதலாளி, வெள்ளிக்கிழமை கடன் கொடுப்பீர்களா?"

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "எங்கப்பா காலத்திலேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை ஒரு ரூபா வெளியே போனதில்லை. பலகையைப் பாருங்க சார்! மட்டாஞ்சேரி முழுக்கக் கேளுங்க!"

எழுபத்தைந்தாம் வருஷக் காலண்டரைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தேன். உனக்கு நினைவிருக்குமே, பாதியைக் கிழித்து அட்டை போட்டிருந்தேன். நல்லவேளை ஜூனிலிருந்து மிச்சம் இருந்தது. இன்ஸ்பெக்டர் மூன்று தேதியையும் விரலால் தொட்டார். பிறகு நாள்வழிப் புத்தகங்களை எடுத்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்தார். அரை மணி நேரம். மூன்று வருஷத்தில் வேறு எந்த வெள்ளியிலும் கடன் கொடுத்ததாக ஒரு வரி இல்லை.

"அப்ப இந்த மூணு?" என்றார்.

முதலாளி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பொய் வெளிப்பட்டது அவருக்கு உறைக்கவே இல்லை. அவர் கண்ணில் வேறு பயம். "வெள்ளிக்கிழமையா? என் கடையிலயா? பாவி, லட்சுமியையே வெளியே அனுப்பிட்டானே! தொகையைத்தான் சார் நான் சொன்னேன், தேதி போட்டது அந்த ராமபத்ரன்!"

சாயா கொண்டுவந்தவர் டம்ளரோடு நின்றுவிட்டார். சந்தனமாரிதான் முதலில் வாய் திறந்தாள். "தொகையைச் சொன்னது நீங்கதானா முதலாளி? இத்தன நாளும் எனக்குத்தான் மறதின்னீங்களே."

மூன்று வரியும் அடிபட்டது. அவள் கட்டிய வட்டிக்கெல்லாம் ரசீது எழுதிக் கொடுக்க உத்தரவு. ரசீதுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

இனி நம் பங்கு. உன் பெயரை இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். உனக்கு ஆபீஸிலிருந்து ஓலை வரும். நீ நேரில் வந்து எழுதியது எப்படி என்று சொல்ல வேண்டும். சொன்னால் தப்பிப்பாயா என்று கேட்டேன். "உண்மையைச் சொன்னால் குறையலாம்" என்றார். உன் வேலை போய்விட்டது, அதைச் சொல்லத் தேவையில்லை.

மறுநாளே முதலாளி நம் வீட்டின் மேல் நோட்டீஸ் விட்டார். நம் கடன் நாலாயிரம் இல்லையாம், ஐயாயிரமாம். சட்டப்படி நகல் கேட்டேன். சனிக்கிழமை கொடுத்தார்கள். உன் பக்கத்தை எழுதினது நாணு என்று எழுதியிருந்தாய். இந்த நான்கு மாதமும் அவனை நான் மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. அவன் படிப்பான் என்று தெரிந்தே நோட்டீஸ் பலகை மாதிரிக் கடிதம் எழுதினேன்.

நகலைக் கையில் வாங்கி அங்கேயே படியில் உட்கார்ந்து படித்தேன். கோணல்மாணலான எழுத்து. முதல் வரி நாலாயிரம், சரி. இரண்டாவது வரி, நாம் வாங்காத ஆயிரம். அழ ஆரம்பித்தேன். தேதியைப் பார்த்ததும் அழுகையை நடுவிலேயே நிறுத்திக்கொண்டேன்.

விடையை நானே சொல்லிவிட்டால் உனக்கு என்ன மிச்சம்? நகலை இதோடு வைத்திருக்கிறேன். அந்த இரண்டாவது வரியில் 12-12-75 என்று இருக்கிறது. நாணு பக்கத்தில் இருந்தால் அவனிடம் கேட்காதே. என்ன கிழமை என்று நீயே விரல் விட்டுப் பார்.

கமலாக்ஷி